தலை கீழே, ஆள் மேலே

"கீழே போய்த் தலையைக் காட்டிட்டு உடனே வந்துடறேன்" என்றார் மின்னல், முன்வரிசை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபடி.

அவர் மனைவி பாட்டுத் தாள்களிலிருந்து நிமிர்ந்தாள். "உங்க உடனேயைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"இதே கட்டடம்தானே? எங்க கம்பெனி விழாவும் உன் பாட்டும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல, மேலயும் கீழயுமா அமைஞ்சிருக்கு. யார் செஞ்ச புண்ணியமோ. படி இறங்குற நேரம், ஏறுற நேரம், அவ்வளவுதான்."

"புண்ணியம் உங்களுக்கு. பாவம் எனக்கு."

அவள் தன் கைப்பையை எடுத்து அவர் எழுந்த நாற்காலியில் வைத்தாள். "முதல்ல குழுப்பாட்டு. அப்புறம் எங்க குழுவுல இருக்குற பல் டாக்டர் பாடுறாங்க. அடுத்தது நான். அதுக்குள்ள இந்த நாற்காலியில நீங்க இருக்கணும். ஊருக்கெல்லாம் தலையைக் காட்டுற மாதிரி எனக்கும் காட்டிட்டுப் போறதா இருந்தா, வரவே வேண்டாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மின்னல் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

போன தடவை குழுவில் ஒருத்தியாக அவள் பாடியபோது, மின்னல் முதல் பாட்டுக்குக் கைதட்டிவிட்டு நழுவிவிட்டார். வீடு திரும்பியவள் சண்டை போடவில்லை. "மேடையிலேருந்து பார்த்தா வெளிச்சத்துல யார் முகமும் தெரியலைங்க. ஆனா காலி நாற்காலி மட்டும் நல்லாத் தெரியுது" என்றாள். அன்றிரவு மின்னலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று அவள் முதல் முறையாகத் தனியாகப் பாடப் போகிறாள். மாதக்கணக்கில் சமையலறையில் குக்கர் விசிலோடு போட்டி போட்டுப் பழகிய பாட்டு. அதை முதலிலிருந்து முடிவுவரை உட்கார்ந்து கேட்டுவிடுவது என்று மின்னல் தன்மேல் ஆணையிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெற்றோர் வைத்த பெயர் வேறு. மின்னல் என்பது மனைவி வீட்டார் வைத்தது. எந்த விசேஷத்திலும் பளிச்சென்று தெரிந்து, பார்ப்பதற்குள் மறைந்துவிடும் மாப்பிள்ளை. சுறுசுறுப்பைப் பாராட்டித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

தலையைக் காட்டுவதை அவர் ஒரு கலையாகவே வளர்த்திருந்தார். கூட்டம் நெருக்கியடிக்கும் நேரத்தில் நுழைய வேண்டும். வீட்டுக்காரர் கையாலேயே ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும்; கொடுத்த கை மறக்காது. இருப்பவர்களிலேயே பெரிய வாய் யாருடையது என்று பார்த்து, அவரிடம் ஒரு கேள்வி கேட்டு வைக்க வேண்டும். பிறகு போனைக் காதில் வைத்து, "ஹலோ, சத்தமா இருக்கு, வெளியே வரேன்" என்றபடி வெளியே வந்துவிட வேண்டும். எக்காரணம் கொண்டும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவன் கெட்டான்.

இத்தனைக்கும் அவர் பிழைப்பே உட்காருவதும் படுப்பதும்தான். மெத்தைக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். புது மெத்தையில் படுத்துப் பார்ப்பார், புரண்டு பார்ப்பார், ஓரத்தில் உட்கார்ந்து எழுந்து பார்ப்பார். அதற்குச் சம்பளம். சம்பளமில்லாமல் ஓரிடத்தில் உட்காருவது அவருக்கு வீண்வேலையாகப் பட்டதோ என்னவோ.

அந்தக் கம்பெனிக்கு வேறு ஊர்க் கிளையிலிருந்து ஒரு புது மேனேஜர் வருகிறார். நாளை காலை பொறுப்பேற்கிறார். இன்று மாலை அவருக்கு வரவேற்பு. எல்லோரும் தவறாமல் வர வேண்டும் என்று சர்க்குலர் உத்தரவு. சர்க்குலர் என்பது உதவி மேனேஜரின் பெயர். எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டீ குடிக்க எழுந்திருப்பது எப்படி என்றுகூட ஒரு தடவை விட்டிருக்கிறார்.

கீழ் ஹாலின் வாசலில் சர்க்குலர் வியர்த்துப்போய் நின்றிருந்தார். மின்னலின் சட்டையில் கம்பெனி பேட்ஜ் ஒன்றைக் குத்திவிட்டார்.

"மேனேஜர் கண்ணுல பட்டுட்டு உட்காருங்க."

"அதுக்குத்தான் சார் வந்தேன். எங்க இருக்காரு?"

"உள்ளேதான். அப்பவே இறக்கிவிட்டுட்டேன்னு டிரைவர் சொல்றான்."

"ஆள் எப்படி இருப்பாரு?"

சர்க்குலர் குரலைத் தாழ்த்தினார். "அது தெரிஞ்சா நானே போய்க் கும்பிட்டிருக்க மாட்டேனா? போன்ல பேசினதோட சரி. முதலாளி மட்டும்தான் நேர்ல பார்த்தவரு. அவரு வெளியூர்ல இருக்காரு, போன் போகல."

மின்னல் உள்ளே எட்டிப் பார்த்தார். பல ஊர்களிலிருந்து வந்த மெத்தை டீலர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லை. கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் மின்விசிறிக்கு அடியில் ஒதுங்கியிருந்தார்கள். மின்னலின் இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு சிக்கல் வந்ததில்லை. காட்ட வேண்டிய தலை தயார். பார்க்க வேண்டிய கண் எது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் கோட்டு போட்ட ஒருவர் கண்ணில் பட்டார். நடு வழுக்கை, அதட்டலான மீசை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலியாக அழுத்திப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். அழுத்திப் பார்க்கிறவர் மெத்தைத் தொழிலில் ஊறியவராகத்தான் இருக்க வேண்டும். மின்னல் விரைந்து போய்க் கைகூப்பினார்.

"வணக்கம் சார். நான் தரப் பிரிவு. படுத்துப் பார்க்குறது நான்தான்."

கோட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதுலயா?"

"மெத்தையில சார்."

"பிழைச்சேன். போன வாரம் ஒரு விழாவுல ஒருத்தர் ரெண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, காலை முறிச்சுட்டாரு."

"ஐயோ, இப்ப எப்படி இருக்காரு?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. என் நாற்காலிக் காலு போச்சு. வாடகைக்கு விடறவனுக்குத்தான் தெரியும் அந்த வலி. தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, இந்த வரிசையை நகர்த்திடலாம்."

ஒருவரை இரண்டு தடவை சார் என்று கூப்பிட்டுவிட்ட பிறகு, நாற்காலிக்காரர்தானே என்று விட்டுவிட்டுப் போக மின்னலுக்கு மனம் வரவில்லை. பிடித்தார். ஒரு வரிசை என்றது மூன்று வரிசையானது. மேலே குழுப்பாட்டு தொடங்கியது உத்தரத்தின் வழியாகக் கேட்டது.

இனித் தேடிப் போவதில் பயனில்லை, வாசலில் நின்றுவிடுவோம் என்று முடிவெடுத்தார். மேனேஜர் எப்படியும் ஒரு தடவையாவது அந்த வழியாக வந்துதானே ஆக வேண்டும்? வணக்கம் வைத்தால் ஆயிற்று, மேலே ஓடிவிடலாம்.

வாசலில் போய் நின்றதும் பருமனான டீலர் ஒருவர் பெரிய பூங்கொத்தோடு வந்தார். மின்னல் பழக்கதோஷத்தில் சிரித்து வைத்தார்.

"சார், உங்களைப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் டீலர்.

தான் படுத்துப் பார்ப்பது வெளியூர் வரைக்கும் பரவியிருக்கிறதே என்று மின்னலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாம் உங்க அன்பு" என்று பூங்கொத்தை வாங்கிக்கொண்டார்.

அது பெரிய தப்பு. ஒரு விழாவில் பூங்கொத்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் விழா நாயகன். அடுத்து வந்தவர் கையைக் குலுக்கினார். அதற்கடுத்தவர் குனிந்தே போனார். வெளியே போய்விட்டு வந்த சர்க்குலர் இதைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

"நீங்க வாசல்ல நின்னு வரவேற்கிறீங்களா? நல்ல காரியம். அப்படியே நில்லுங்க. நான் கார் நிறுத்துற இடம், பின்பக்கம் எல்லாம் ஒரு தடவை தேடிட்டு வரேன். யாரையும் வெளிய விட்டுடாதீங்க. மேனேஜர் மேடை ஏறும்போது ஹால் காலியா இருந்தா என் கதை முடிஞ்சுது."

"சார், எனக்கு மேலே ஒரு..."

சர்க்குலர் போயே போய்விட்டார்.

பாம்பின் கால் பாம்பறியும். வாசலுக்கு வந்த முதல் ஆளைப் பார்த்ததுமே மின்னலுக்குப் புரிந்துவிட்டது. காதில் போன், முகத்தில் பொய்யான கவலை.

"ஹலோ, ஹலோ, உள்ள சத்தமா இருக்கு..."

"உங்க போன்ல வெளிச்சமே இல்லையே சார்" என்றார் மின்னல்.

அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே திரும்பினார். அடுத்தவர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொன்னார். தண்ணீர் உள்ளேயே இருந்தது. அதற்கடுத்தவர் காரைப் பூட்டினேனா என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் ஆட்டோவில் வந்து இறங்கியதை மின்னல் கண்ணால் பார்த்திருந்தார். தான் பாடுபட்டு வளர்த்த வித்தையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முட்டுவதைப் பார்க்க அவருக்கே பரிதாபமாக இருந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் தலையைக் காட்ட வந்தவர்கள். தலையை எடுத்துக்கொண்டு போகத்தான் வழியில்லை.

மேலே குழுப்பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. தனிக்குரல் ஒன்று எழுந்தது. பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தவர், இன்று தானே திறந்திருந்தார். அடுத்தது மனைவி.

மின்னல் போனைக் காதில் வைத்தார். "ஹலோ, சத்தமா இருக்கு, இருங்க, வெளிய..."

அவர் தோளில் ஒரு கை விழுந்தது. பூங்கொத்து கொடுத்த டீலர். பின்னால் அந்தப் போன்காரர், தண்ணீர்க்காரர், ஆட்டோக்காரர்.

"எங்களை விடாம நீங்க மட்டும் கிளம்பினா எப்படி சார்?" என்றார் டீலர், சிரித்துக்கொண்டேதான். "உங்களைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? ரெண்டு வார்த்தை பேசிடுங்க. நீங்க பேசாம நாங்க போக முடியாது."

"நான் பேசக் கூடாதுங்க."

"சாருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார் ஆட்டோவில் வந்தவர்.

ஏற்றிவிட்டார்கள். மேடையில் மைக்குக்கு முன்னால், ஒரு கையில் பூங்கொத்தோடு மின்னல் நின்றார். எதிரே கம்பெனி ஆட்கள் நாலைந்து பேரையும் நம்பிக்கையோடு பார்த்தார். அவர்களுக்கு இவர் யாரென்று தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் விழா சீக்கிரம் முடியுமானால் ஒரு கழுதையைக்கூட மேனேஜர் என்று ஒத்துக்கொள்ளும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். அவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

"நான் மேனேஜர் இல்லைங்க" என்றார் மின்னல்.

பலத்த கைதட்டல்.

"நிஜமாத்தான் சொல்றேன். நான் சாதாரணத் தொழிலாளி. மெத்தையில படுத்துப் பார்க்குறவன்."

"இதுதான் தலைமைப் பண்பு" என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். கைதட்டல் இன்னும் பலத்தது.

அது அடங்கிய நொடியில் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது. சமையலறையில் துண்டு துண்டாகக் கேட்ட குரல். குக்கர் இல்லாமல், குழாய்த் தண்ணீர் இல்லாமல், தடையில்லாமல் அவர் அதைக் கேட்டதே இல்லை. இவ்வளவு நன்றாகப் பாடுவாளா என்று இருந்தது. அவள் எதிரே அந்த நாற்காலி, அதில் வெறும் கைப்பை. மின்னல் மைக்கைப் பிடித்தார்.

"மேலே பாடுறது கேட்குதா?" என்றார். மைக்கில் குரல் கரகரத்தது. "அது என் வீட்டுக்காரி. எனக்காக ஒரு நாற்காலி பிடிச்சு வெச்சுட்டுப் பாடுறா. நான் இங்க நிக்கிறேன். இங்க இருக்குற எல்லாரும் தலையைக் காட்டத்தான் வந்தோம், எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான். உங்களுக்கும் எங்கேயாவது யாராவது நாற்காலி பிடிச்சு வெச்சிருப்பாங்க. எல்லாரும் கிளம்புங்க. போய் அங்க உட்காருங்க."

கூட்டம் அப்படியே எழுந்தது. இப்படி ஒரு மேனேஜரை எங்கும் பார்த்ததில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னதோடு போயிருக்கலாம். ஒவ்வொருவரும் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போவேன் என்று வரிசையில் நின்றார்கள். பூங்கொத்து டீலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மனைவியும் நன்றாகப் பாடுவாள் என்று தொடங்கி, கல்யாணம் ஆன கதை முழுவதையும் சொன்னார்.

கடைசி ஆள் வெளியேறவும், சர்க்குலர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. வெறும் நாற்காலிகளை அவர் சுற்றிப் பார்த்தார்.

"கூட்டம் எங்கய்யா?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க சார்."

"யார் அனுப்பினது?"

"மேனேஜர்."

"வந்துட்டாரா? யாரு? எங்க?"

"நான்தான் சார்."

சர்க்குலர் அருகிலிருந்த நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். மின்னல் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"கெட்டுது போங்க. மேனேஜரைக் கண்ணெதிரேயே இந்த வாசல்ல இறக்கிவிட்டதா டிரைவர் சத்தியம் பண்றான். அப்ப அவரு இந்தக் கூட்டத்துக்குள்ளதான் உட்கார்ந்திருந்திருக்காரு. அவர் பேர்ல நீங்க பேசினதையும், அவர் விழாவைக் கலைச்சதையும் அவரே உட்கார்ந்து கேட்டிருக்காரு. நாளைக்கு உங்களுக்கு என்ன ஆகும்னு நினைக்கவே பயமா இருக்கு."

மின்னல் குலுக்கிய கைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தார். அதில் எது மேனேஜர் கை? ஆனால் மேலே பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. நாளைய கவலை நாளைக்கு. அவர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

கதவைத் தள்ளியபோது கைதட்டல் ஹாலை நிறைத்திருந்தது. பாட்டு முடிந்துவிட்டது. மேடை வெளிச்சத்தில் அவள் கைகூப்பி நின்றாள். மின்னல் அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் தன் நாற்காலியைப் பார்த்தார்.

நாற்காலி காலியாக இல்லை. ஒல்லியான, நரைத்த தலைக்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பையைக் குழந்தை மாதிரி அணைத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மின்னல் பக்கவாட்டில் குனிந்து நடந்து முன்வரிசைக்குப் போனார். "சார், இது என் இடம்."

"அந்தம்மா வீட்டுக்காரரா?" அவர் சட்டென்று எழுந்தார். "மன்னிச்சுக்குங்க. சும்மா பாட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். குழுவுல ஒரு அம்மா என்னை நீங்கன்னு நினைச்சு, ஏன் இவ்வளவு லேட்டுன்னு திட்டி, கையைப் பிடிச்சு உட்கார வெச்சு, பையைக் கொடுத்துட்டாங்க. பதில் சொல்ல விடல. அப்புறம் பாட்டு ஆரம்பிச்சுது. எனக்கு எழுந்திருக்க மனசு வரல." அவர் பையை மின்னலிடம் கொடுத்தார். அப்போது மின்னலின் சட்டையிலிருந்த பேட்ஜை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

அதற்குள் மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்களைச் சிமிட்டிக்கொண்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மின்னல், கையில் தன் பை, மறு கையில் பூங்கொத்து. அவள் அப்படியே நின்றாள்.

"பூ வேற வாங்கினீங்களா?"

"அது வந்து..."

"முகம் தெரியலைங்க. ஆனா நீங்க ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டுறது தெரிஞ்சுது. ஒரு இடத்துல எனக்கு மூச்சு தடுமாறிச்சு. அந்த நாற்காலியைப் பார்த்தேன். அப்புறம் சரியாயிடுச்சு." அவள் கண் கலங்கியிருந்தது.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ சாக்குச் சொன்ன வாய். இவளிடம் பொய் சொல்லவும் நாக்கு கூசியது, உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்னாகும் என்று நினைக்கவும் முடியவில்லை. சொல்லிவிடுவது என்றே மின்னல் துணிந்தார்.

"இல்ல, கேளு. நான் கீழே..."

"அசையவே இல்லம்மா" என்று நரைத்த தலைக்காரர் குறுக்கே விழுந்தார். "பக்கத்துல இருந்து பார்த்தவன் சொல்றேன். கீழே இறங்கலாம்னு ஒரு தடவைகூட நினைச்ச மாதிரி தெரியல."

அவள் பூங்கொத்தை வாங்கி முகத்தோடு அணைத்துக்கொண்டாள். குழுவினர் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், மின்னலின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். கல்யாணமான புதிதில் அழுத்தியது போல இருந்தது.

மின்னல் நாற்காலியில் உட்கார்ந்தார். "வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிடுவேன் சார்" என்றார் மெதுவாக. "ஆனா இன்னிக்கு அவ முகத்தைப் பார்த்தேன் பாருங்க, அது உங்களால. முன்ன பின்ன தெரியாத எனக்காக எதுக்குப் பொய் சொன்னீங்க? இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்?"

நரைத்த தலைக்காரர் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"பெரிசா ஒண்ணும் வேணாம் சார், கீழே நடந்த மெத்தைக் கம்பெனி வரவேற்புல புது மேனேஜர் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாருன்னு நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடுங்க, நான் தலையைக் காட்டிட்டு ஓடி வந்தது யாருக்கும் தெரிய வேணாம்."